ஓட்டக்களத்தின் அரசி ஸ்டெல்லா வால்ஷ்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

வெற்றி பெற்றோரின் வாழ்க்கையை நாம் வழக்கமாக அவர்கள் பிறந்த ஊரிலிருந்து தொடங்கி, மாலை சூடிய நாள் வரை முன்னோக்கிப் படிக்கிறோம். ஸ்டெல்லா வால்ஷ் என்ற அம்மையாரின் வாழ்க்கையையோ உலகம் அவர் இறந்த நாளிலிருந்து பின்னோக்கிப் படித்துவிட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓடியும் தாவியும் எறிந்தும் அவர் ஈட்டிய புகழ் தராசின் ஒரு தட்டில் இருக்கிறது. பிணப் பரிசோதனை மேசையில் எழுதப்பட்ட சில வரிகள் மறுதட்டில் இருக்கின்றன. எந்தத் தட்டு கனமானது? விலங்கியல் பயிலும் மாணவி என்ற முறையில் அந்தச் சில வரிகளின் பொருளை அறியவும், அதற்கு முன்னால் அந்த அறுபத்தொன்பது ஆண்டு வாழ்க்கையை அறியவும் முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

வரைபடத்தில் இல்லாத நாடு

1911ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், வியெஷ்கோவ்னியா என்னும் போலந்து நாட்டுச் சிற்றூரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. போலந்து நாடு என்று சொன்னாலும், அன்றைய உலக வரைபடத்தில் அப்படி ஒரு நாடு இல்லை. ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் அதைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன. அந்தச் சிற்றூர் ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. குழந்தைக்கு ஸ்டானிஸ்லாவா என்று பெயரிட்டனர். பிறப்புப் பதிவேட்டில் பெண் என்று எழுதினர்.

குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே, பிழைப்புத் தேடிக் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரம் அக்காலத்தில் எஃகு ஆலைகளின் புகையால் சூழப்பட்ட ஊர். போலந்திலிருந்து வந்தவர்கள் அங்கே தனிக் குடியிருப்புகளாக வாழ்ந்தனர். ஸ்டானிஸ்லாவாவின் தந்தையும் எஃகு ஆலைத் தொழிலாளியானார். வலஷியேவிச் என்ற குடும்பப் பெயர் அமெரிக்கரின் நாவில் புரளவில்லை. ஸ்டானிஸ்லாவா வலஷியேவிச் பள்ளியில் ஸ்டெல்லா வால்ஷ் ஆனார். ஒரே பெண்ணுக்கு வீட்டில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர். இந்த இரட்டை நிலை வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது.

பள்ளி நாட்களிலேயே அவருடைய கால்களின் வேகம் ஊராரின் பேச்சுக்கு உள்ளானது. ஓட்டம், நீளம் தாண்டுதல், வட்டெறிதல் என எதில் இறங்கினாலும் முன்னணியில் நின்றார். அன்று பெண்கள் ஓடுவதையே பலர் ஐயத்துடன் பார்த்தனர். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகப் பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் வைக்கப்பட்டன. அதிலும் 800 மீட்டர் ஓட்டம் பெண்களின் உடலுக்கு ஒவ்வாதது என்று சொல்லி அடுத்த ஒலிம்பிக்கிலேயே அதை நீக்கிவிட்டனர். அந்த ஓட்டம் மீண்டும் வர 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேகமாக ஓடும் பெண் உண்மையில் பெண்தானா என்ற கேள்வி அந்தக் காலத்துக் காற்றிலேயே கலந்திருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் தகுதி பதினேழு வயது ஸ்டெல்லாவுக்கு இருந்தது. ஆனால் அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லை. அமெரிக்காவில் வளர்ந்தும் அமெரிக்கராக ஓட முடியவில்லை. அதே ஒலிம்பிக்கில் ஹாலினா கோனோபாட்ஸ்கா என்ற போலந்துப் பெண் வட்டெறிதலில் தங்கம் வென்றார். முதல் உலகப்போர் முடிந்து மீண்டும் உயிர்பெற்றிருந்த போலந்துக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அது. கிளீவ்லாந்தின் போலந்துக் குடியிருப்பில் அச்செய்தி எத்தகைய மகிழ்ச்சியை உண்டாக்கியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

வேலையா, நாடா?

1930ஆம் ஆண்டு ஸ்டெல்லா 100 கெஜ தூரத்தை 10.8 விநாடிகளில் ஓடினார். அத்தூரத்தைப் பதினொரு விநாடிக்குள் ஓடிய முதல் பெண் அவரே. அதே ஆண்டு பிராக் நகரில் நடந்த உலகப் பெண்கள் விளையாட்டுப் போட்டியில் போலந்து அணியில் சேர்ந்து 60, 100, 200 மீட்டர் ஓட்டங்கள் மூன்றிலும் தங்கம் வென்றார்.

அடுத்து 1932. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் நெருங்கியது. இருபத்தொரு வயது நிரம்பியதால் இம்முறை அமெரிக்கக் குடியுரிமை பெற்று அமெரிக்காவுக்காக ஓடலாம் என்ற நிலை வந்தது. அப்போதுதான் விதி விளையாடியது. உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியிருந்த காலம் அது. ஸ்டெல்லா எழுத்தராகப் பணியாற்றிய இரயில்வே நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது. அவர் வேலை போயிற்று. கிளீவ்லாந்து நகராட்சி தன் விளையாட்டுத் துறையில் அவருக்கு ஒரு வேலை தர முன்வந்தது. ஆனால் அன்றைய விதிப்படி, விளையாட்டுத் தொடர்பான வேலைக்குச் சம்பளம் வாங்குபவர் தொழில்முறை வீரராகக் கருதப்படுவார். ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள முடியாது. வேலையை ஏற்றால் ஒலிம்பிக் போகும். ஒலிம்பிக்கைத் தேர்ந்தெடுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பைத் தொடர்வதா, கிடைத்த வேலைக்குப் போவதா என்ற கேள்வி இந்தக் கல்லூரியில் நம்மில் பலருடைய வீட்டுத் திண்ணையில் விவாதிக்கப்பட்ட கேள்விதானே! அத்தகைய கேள்விக்கு நாட்டுப்பற்று, துரோகம் என்னும் பெரிய சொற்களால் விடை தேடுபவர்கள் பெரும்பாலும் பசியறியாதவர்களாகவே இருப்பார்கள்.

நியூயார்க்கில் இருந்த போலந்துத் தூதரக அலுவலகம் ஸ்டெல்லாவுக்கு எழுத்தர் வேலை கொடுத்தது. அது விளையாட்டு வேலையன்று. எனவே ஒலிம்பிக்குக்குத் தடையில்லை. குடியுரிமைத் தாளில் கையெழுத்திடவிருந்தவர் அதை விட்டுவிட்டுப் போலந்தின் வீராங்கனையானார். அமெரிக்கச் செய்தித்தாள்கள் சில அவரைக் கடிந்து எழுதின. அவரோ ஓட்டத்தால் விடை கூறினார்.

1932ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் 100 மீட்டர் இறுதி ஓட்டம் நடந்தது. ஸ்டெல்லாவும் கனடாவின் ஹில்டா ஸ்ட்ரைக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே கோட்டைத் தொட்டனர். இருவருக்கும் 11.9 விநாடி. மயிரிழையில் முந்திய ஸ்டெல்லாவுக்குத் தங்கம் கிடைத்தது. அது அன்றைய உலகச் சாதனைக்கு இணையான நேரம். அதே நாளில் வட்டெறிதலிலும் பங்கேற்று ஆறாம் இடம் பெற்றார். போலந்து அவரைக் கொண்டாடியது. வார்சாவில் உடற்கல்வி பயில வாய்ப்பளித்தது. அந்நாட்டின் ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். 1935இல் வார்சாவில் 200 மீட்டரை 23.6 விநாடிகளில் ஓடி அவர் படைத்த உலகச் சாதனை 1952 வரை நிலைத்து நின்றது.

பெர்லினில் எழுந்த ஐயம்

1936ஆம் ஆண்டு ஹிட்லரின் பெர்லினில் ஒலிம்பிக் கூடியது. 100 மீட்டரில் ஸ்டெல்லாவுக்கு எதிராக நின்றவர் ஹெலன் ஸ்டீபன்ஸ், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துப் பண்ணை வீட்டுப் பெண், பதினெட்டு வயது, ஆறடி உயரம். ஹெலன் 11.5 விநாடியில் ஓடி வென்றார். ஸ்டெல்லா 11.7 விநாடியில் வெள்ளி பெற்றார். தன் பழைய வெற்றி நேரத்தைவிட வேகமாக ஓடியும் இரண்டாம் இடம்தான் கிடைத்தது.

அதன்பின் நடந்ததுதான் வரலாற்றின் விந்தை. ஹெலன் பெண்ணாக இருக்க முடியாது, அவர் ஆண்தான் என்று போலந்துப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதினார். அவ்வளவு உயரமும் வேகமும் ஒரு பெண்ணுக்கு ஏது என்பதே அவருடைய வாதம். ஹெலன் ஏற்கெனவே மருத்துவ முறையில் சோதிக்கப்பட்டவர், பெண்ணே என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று. பதக்கம் வாங்கிய பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு உலகம் தந்த பரிசு அந்தச் சோதனைச் சான்று. அன்று ஐயத்துக்கு உள்ளானவர் ஹெலன். ஸ்டெல்லாவை ஐயப்பட்டு எவரும் சோதிக்கவில்லை.

1938இல் வியன்னாவில் நடந்த ஐரோப்பியப் பெண்கள் தடகளப் போட்டியில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் ஸ்டெல்லா தங்கம் வென்றார். மறு ஆண்டு உலகப்போர் மூண்டது. 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடைபெறவே இல்லை. ஓட்டக்காரரின் பொற்காலம் சில ஆண்டுகளே. அந்தச் சில ஆண்டுகளைப் போர் விழுங்கிவிட்டது. ஆனால் ஸ்டெல்லா ஓய்ந்துவிடவில்லை. கிளீவ்லாந்து திரும்பி, 1947இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கத் தேசியப் பட்டங்களை வென்றார். தம்மில் பாதி வயதுடைய பெண்களோடு நாற்பது வயதிலும் களத்தில் நின்றார். 1956இல் நீல் ஓல்சன் என்பவரை மணந்தார். அத்திருமணம் நெடுநாள் நீடிக்கவில்லை. அதே ஆண்டு, நாற்பத்தைந்தாம் வயதில், அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கான தேர்வு ஓட்டத்தில் கலந்துகொண்டார். தேர்வு பெறவில்லை. 1975இல் அமெரிக்கத் தடகளப் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. முதுமையில் கிளீவ்லாந்து நகராட்சியின் விளையாட்டுத் துறையில் பணியாற்றி, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓடவும் தாண்டவும் கற்றுக் கொடுத்தார். 1932இல் ஏற்க முடியாமற்போன வேலையே முதுமையில் அவருக்குத் துணையாயிற்று.

ஒரு மாலைப் பொழுது

1980ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள். போலந்தின் பெண்கள் கூடைப்பந்து அணி கிளீவ்லாந்துக்கு வரவிருந்தது. வரவேற்பு அலங்காரத்துக்கு வண்ண நாடாக்கள் வாங்க ஸ்டெல்லா ஒரு கடைக்குச் சென்றார். கடைக்கு வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் வழிப்பறிக்காரர்கள் அவரைச் சுட்டனர். அறுபத்தொன்பது வயதில் அந்த ஓட்டம் நின்றது.

கொலை என்பதால் சட்டப்படி பிணப் பரிசோதனை செய்யப்பட்டது. சில நாட்களுக்குள்ளாகவே அதன் விவரம் வெளியே கசிந்தது. ஸ்டெல்லா வால்ஷ் ஓர் ஆண் என்று செய்திகள் பறந்தன. அண்டை வீட்டாரும், அவரிடம் பயின்ற பிள்ளைகளும் துக்கம் ஆறுமுன் அச்செய்தியைக் கேட்க நேர்ந்தது. கொன்றவர்கள் உயிரை எடுத்தார்கள். வதந்தி பெயரை எடுக்க முனைந்தது.

1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதிகாரபூர்வமான மருத்துவ அறிக்கை வெளியாயிற்று. அதன் சாரம் இதுதான்: அவருக்குக் கருப்பை இல்லை, முழு வளர்ச்சியற்ற, செயலற்ற ஆணுறுப்பு இருந்தது. அவருடைய செல்களில் பெரும்பாலானவற்றில் எக்ஸ், ஒய் என்னும் இரு குரோமோசோம்களும் இருந்தன. சிலவற்றில் எக்ஸ் ஒன்று மட்டுமே இருந்தது. அறிக்கை அத்தோடு நிற்கவில்லை. சமூகத்திலும் பண்பாட்டிலும் சட்டத்தின் பார்வையிலும் அவர் அறுபத்தொன்பது ஆண்டுகள் பெண்ணாகவே வாழ்ந்தார் என்றும் முடிவு கூறியது. ஆண் என்று கூவிய செய்திகள் விரைந்து ஓடின. அறிக்கை மெல்ல நடந்தது. வழக்கம்போல் விரைந்தோடியதே மக்களின் நினைவில் தங்கியது.

குரோமோசோம் சொல்வதும் சொல்லாததும்

அந்த அறிக்கையைப் புரிந்துகொள்ள நாம் 1905ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மாவுப்புழு வண்டின் செல்களை நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார். பெண் வண்டின் செல்லில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டின் செல்லில் 19 பெரியவையும் ஒரு சிறியதும். ஆண் உண்டாக்கும் விந்தணுக்களில் பாதி பெரியதைச் சுமக்கின்றன. பாதி சிறியதைச் சுமக்கின்றன. குட்டி ஆணா பெண்ணா என்பதை இதுவே தீர்மானிக்கிறது என்று அவர் கண்டார். எட்மண்ட் வில்சன் என்பவரும் அதே ஆண்டில் வேறு பூச்சிகளில் இத்தகைய முடிவுக்கு வந்தார். அந்தப் பெரியதை எக்ஸ் என்றும், சிறியதை ஒய் என்றும் இன்று அழைக்கிறோம். மனிதரிலும் தாய் தருவது எப்போதும் எக்ஸ். தந்தை தருவதே எக்ஸ் அல்லது ஒய். பெண் குழந்தை பிறந்தால் மருமகளைப் பழிக்கும் வீடுகளில் இப்பாடத்தை உரக்கவே வாசிக்கலாம்.

ஆனால் இயற்கை ஒரே சூத்திரத்தை எல்லா உயிருக்கும் எழுதி வைக்கவில்லை. வெட்டுக்கிளிகளில் ஆணுக்கு ஒய் கிடையாது. ஒற்றை எக்ஸ் மட்டுமே. கோழிகளில் இரு வேறு குரோமோசோம்களை உடையது சேவல் அன்று, பெட்டை. ஆமைகள் பலவற்றில் முட்டை புதைந்துள்ள மணலின் வெப்பமே குஞ்சின் பாலை முடிவு செய்கிறது.

மனிதரிலும் எக்ஸ், ஒய் என்னும் எழுத்துகள் கதையின் முதல் வரி மட்டுமே. தாயின் வயிற்றில் முதல் ஆறு வாரங்கள் வரை ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் உறுப்பமைப்பில் வேறுபாடு இல்லை. இனப்பெருக்கச் சுரப்பி இரு வழியிலும் வளரக்கூடிய நிலையில் இருக்கிறது. ஒய் குரோமோசோமில் எஸ்.ஆர்.ஒய். என்ற ஒரு ஜீன் உள்ளது. இதை 1990இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இந்த ஜீன் தூண்டினால் அச்சுரப்பி விந்தகமாகிறது. விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஹார்மோனை ஏற்றுக்கொள்ளும் புரதம் உடலின் செல்களில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆணுடல் உருவாகிறது. ஜீன், சுரப்பி, ஹார்மோன், அதை ஏற்கும் செல் என்று இது ஒரு தொடர் ஓட்டம். கோல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற வேண்டும். எந்தக் கையிலும் அது தவறலாம், திசை மாறலாம்.

ஒய் குரோமோசோம் இருந்தும், ஹார்மோனை ஏற்கும் புரதம் செயற்படாததால் முழுப் பெண்ணுடலோடு பிறந்து வளர்பவர்கள் உண்டு. பூப்பெய்தும் வயதில் மாதவிடாய் வராதபோதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. இரண்டு எக்ஸ் இருந்தும், தந்தையின் விந்தணு உருவாகும்போது எஸ்.ஆர்.ஒய். ஜீன் எக்ஸுக்கு இடம் மாறியதால் ஆணாகப் பிறப்பவர்கள் உண்டு. இரண்டு எக்ஸ் இருந்தும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி ஆண் ஹார்மோன்களை மிகுதியாகச் சுரப்பதால் வெளியுறுப்பு இருபாலுக்கும் இடைப்பட்டதாகப் பிறக்கும் பெண் குழந்தைகள் உண்டு. 1959இல் இரு எக்ஸும் ஒரு ஒய்யும் உடைய ஆண்களையும், ஒற்றை எக்ஸ் மட்டும் உடைய பெண்களையும் விஞ்ஞானிகள் கண்டு எழுதினர். இவ்வாறு பால் தொடர்பான உடற்கூறுகள் ஆண், பெண் என்ற வழக்கமான அமைப்பில் முழுதும் பொருந்தாமல் பிறப்பவர்களையே இடைப்பாலினத்தவர் என்கிறோம். இது அவர்கள் தேடிக்கொண்டதும் அன்று. பெற்றோர் செய்த பாவத்தின் பலனும் அன்று.

ஸ்டெல்லாவின் நிலையை அறிவியல் மொசைக் என்று அழைக்கிறது. கருவுற்ற முட்டை எக்ஸ், ஒய் இரண்டையும் கொண்டிருக்கிறது. அது இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரியும் தொடக்க நாட்களில் ஏதோ ஒரு செல் தன் ஒய்யைத் தவறவிடுகிறது. அந்தச் செல்லின் வழிவந்தவை எல்லாம் ஒற்றை எக்ஸோடு வாழ்கின்றன. மற்றவை எக்ஸ், ஒய்யோடு வாழ்கின்றன. இரு நிற நூல்கள் ஊடும் பாவுமாகக் கலந்த சேலையைப் போல ஒரே உடலில் இருவகைச் செல்கள். அந்தச் சேலையைக் கையில் எடுத்து, இது சிவப்பா பச்சையா, ஒரே சொல்லில் சொல் என்று கேட்டால் நெசவாளி என்ன சொல்வார்? 1932இல் இதை அறியும் கருவி உலகில் எங்கும் இல்லை. மனிதருக்கு 46 குரோமோசோம்கள் என்ற சரியான எண்ணிக்கையே 1956இல்தான் தெரிய வந்தது.

சோதனைகளின் சோதனை

மர்ரே பார் என்ற விஞ்ஞானி 1949இல் பெண் பூனையின் செல்லுக்குள் கறுத்த புள்ளி ஒன்றைக் கண்டார். இரண்டு எக்ஸ் உள்ள செல்லில் ஒரு எக்ஸ் சுருண்டு ஒடுங்குவதே அப்புள்ளி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வீராங்கனைகளின் கன்னத்தின் உட்புறத்திலிருந்து செல்களை வழித்தெடுத்து இந்தப் புள்ளியைத் தேடினார்கள். புள்ளி இருந்தால் பெண் என்று சான்று கொடுத்தார்கள். எவ்வளவு எளிது! ஆனால் எக்ஸ், எக்ஸ், ஒய் கொண்ட ஆண் இச்சோதனையில் தேறிவிடுவார். ஒற்றை எக்ஸ் கொண்ட பெண் தோற்றுவிடுவார். டெஸ்டோஸ்டிரோனால் எள்ளளவு பயனும் பெறாத பெண்ணும் தோற்றுவிடுவார். ஸ்பெயின் நாட்டுத் தடைதாண்டும் ஓட்டக்காரர் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீனோ 1985இல் இவ்வாறுதான் விலக்கப்பட்டார். தன் உடல் ஆண் ஹார்மோனுக்கு இணங்காது என்பதை அறிவியல் வழியே நிறுவிப் போராடி 1988இல் உரிமையை மீட்டார். ஒலிம்பிக் குழு 1999இல் எல்லாப் பெண்களையும் சோதிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. பின்னர் ஹார்மோன் அளவைக் கொண்டு விதிகள் வகுக்கப்பட்டன. 2025இல் உலகத் தடகள அமைப்பு எஸ்.ஆர்.ஒய். ஜீன் சோதனையைக் கொண்டுவந்தது.

பெண்களுக்கெனத் தனிப் போட்டி வேண்டும், அது நேர்மையாக நடக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. அதற்கு ஏதோ ஒரு கோட்டை எங்கேனும் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கோடு போட்டிக்காக நாம் போட்டது என்ற நினைவு வேண்டும். யார் எந்தப் போட்டியில் ஓடலாம் என்பது ஒரு கேள்வி. ஒருவர் யார் என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்குக் கிடைத்த விடையை எடுத்து இரண்டாம் கேள்விக்கு எழுதும்போதுதான் மனிதர்கள் உடைந்து போகிறார்கள்.

தொலைவில் நடந்த கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2006இல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன். செங்கற்சூளைத் தொழிலாளியின் மகள். ஒரு சோதனையின் பேரில் அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய உடலைப் பற்றிய செய்தி ஊரெல்லாம் பேசப்பட்டது. ஸ்டெல்லாவுக்கு இறந்தபின் நேர்ந்தது அவருக்கு உயிரோடு இருக்கும்போதே நேர்ந்தது. அந்தத் துயரிலிருந்து மீண்டு எழுந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கும் ஆசிரியராக அவர் நிமிர்ந்து நின்றார்.

நாம் பெருமைப்படவும் ஒரு செய்தி உண்டு. இடைப்பாலினக் குழந்தைகளை ஆண் அல்லது பெண் என்ற வார்ப்பில் பொருத்துவதற்காக, உயிருக்கு ஆபத்தில்லாத நிலையிலும், அவர்கள் பேசத் தெரியும் முன்பே அறுவை செய்யும் வழக்கம் பல நாடுகளில் இருந்துவந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் இத்தகைய அறுவைகளைத் தடை செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு அதற்கான ஆணையை வெளியிட்டது. இந்தியாவில் இவ்வாறு ஆணையிட்ட முதல் மாநிலம் தமிழ்நாடே. தன் உடலைப் பற்றிய முடிவை வளர்ந்தபின் தானே எடுக்கும் உரிமையை அக்குழந்தைக்கு அந்த ஆணை காத்துக் கொடுத்தது.

அவர் விட்டுச் சென்றது

ஸ்டெல்லாவின் வெற்றிகளுக்கு அந்த ஒய் குரோமோசோம் காரணமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் உயிரோடு இருந்தபோது அவருடைய ஹார்மோன் அளவை எவரும் அளந்ததில்லை. அளக்காத ஒன்றைக் கொண்டு தீர்ப்பு எழுதுவது அறிவியல் ஆகாது. நமக்குத் தெரிந்தவை எல்லாம் இவை: அவர் வென்றார், தோற்கவும் செய்தார், தோற்ற பிறகும் இருபது ஆண்டுகள் களத்தை விட்டு அகலவில்லை. 1932இன் தங்கமும் 1936இன் வெள்ளியும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. எந்த அமைப்பும் அவற்றைத் திரும்பப் பெறவில்லை.

மாணவ நண்பர்களே! நம் செய்முறை வகுப்பில் கண்ணாடித் தகட்டில் செல்லை நசுக்கி, சாயமேற்றி, குரோமோசோம்களை எண்ணுகிறோம். அதன் எண்ணிக்கையைப் பதிவேட்டில் பிழையின்றி எழுதுவது நம் கடமை. அந்தத் தகட்டுக்கு அப்பால் ஒரு முழு உயிர் இருக்கிறது. அதற்கு ஒரு வீடும் பெயரும் வாழ்க்கையும் இருக்கின்றன என்பதை மறவாதிருப்பதும் நம் கடமையே. நாளை நம்மில் சிலர் ஆசிரியர்களாவோம்; சிலர் மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் பணிபுரிவோம். நம் முன்னால் அஞ்சி நிற்கும் ஒரு தாயிடமோ ஒரு மாணவியிடமோ நாம் சொல்லும் சொல் அவர்களைத் தலைநிமிரவும் செய்யலாம், ஊரைவிட்டு ஓடவும் செய்யலாம்.

கிளீவ்லாந்தில், ஸ்டெல்லா சிறுமியாக ஓடித் திரிந்த தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில் ஒரு நகராட்சி விளையாட்டு மையம் இருக்கிறது. ஓடவும் ஆடவும் பிள்ளைகள் வந்துபோகும் இடம் அது. அதன் முகப்பில் ஸ்டெல்லா வால்ஷ் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். அவரோடு வாழ்ந்த ஊரார் தராசின் எந்தத் தட்டைக் கனமானதாகக் கண்டார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சான்று.